சிரிக்கிற இடம்

அந்தப் படத்துக்குப் பெயர் இல்லை.
உறை தொலைந்த டிவிடி.
பொகவந்தலாவை டவுனில், பழைய சாமான் கடையில்,
நூறு ரூபாய்க்கு மூன்று என்று வாங்கியதில்
மற்ற இரண்டும் ஓடவில்லை.
நாங்களாக வைத்தோம்: கழுத்துப்பட்டிப் படம்.

வருடம் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம்.
பாலைவனத்தில் ஒரு குழி,
குழிக்குள் முப்பத்து மூன்று மாடி.
ஓட நினைத்தாலே கழுத்தில் இறுகும் பட்டி.
நினைப்பது அதற்கு எப்படித் தெரியும் என்று
லயத்தில் யாரும் கேட்கவில்லை.
தெரியும். அவ்வளவுதான்.

இங்கிலீசுப் படம்.
எங்களுக்கு மொழிபெயர்த்தவர் இன்னாசிமுத்து,
பிளேயர் அவருடையது என்பதால்.
கதாநாயகன் நீளமாய் ஏதோ சொல்லுவான்.
"பசிக்குதாம்" என்பார்.
காவல் இயந்திரம் ஒற்றைச் சொல் உறுமும்.
அதற்கு அரை நிமிடம் பேசுவார்,
நடுவில் சந்தாப் பணத்தையும் இழுத்துக்கொண்டு.

விடியலில் சைரன்.
இரும்புத் தளத்தில் வரிசை, இலக்கம் கூப்பிடும் குரல்.
"பிரட்டு" என்றாள் பவளக்கொடி அக்கா, முதல் நாளே,
நீட்டிய காலை மடக்காமல்.
அதன் பிறகு அந்தக் காட்சிக்கு வேறு பெயர் கிடையாது.

அப்புறம் அந்தத் தராசு.
பகல் முழுக்க வெட்டிய நீல உப்பை
மூட்டை மூட்டையாய் ஏற்றுவார்கள்.
முள் நாற்பதில் நிற்கும்.
இயந்திரம் சொல்லும்: முப்பத்தேழு.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
பாலைவனத்தில்,
ஈரத்துக்கு!

இலக்கத்துக்கு நேரே சிவப்பில் ஒரு பாதிக்கோடு விழும்.
"அரைப்பேரு!"
கத்திவிட்டு லயமே சிரிக்கும்,
வயிற்றைப் பிடித்து, இருமி, முந்தானையால் கண் துடைத்து.
"ஏய், திருப்பிப் போடு!"
கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில்
இரண்டாம் தடவை அவசரமாய்ச் சிரிக்கும்.

தப்பிக்கும் காட்சிக்கு அத்தனை மவுசு இல்லை.
ஏழு வருடம் தேய்த்த கரண்டி,
காற்றுக் குழாய், அறுந்த பட்டி, முழங்கையில் ரத்தம்,
கடைசியில் வெயில், மணல், திரை முழுக்க வெள்ளை.
அந்நேரம் தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிடுவாள் அக்கா.
"வெளிய போயி எங்க படுப்பான்?
காம்பரா இருக்கா அவனுக்கு?"

அவள் மகன் நிரோசன் மட்டும்
அந்த வெள்ளையைப் பார்த்தபடி இருப்பான்.
பதினேழு வயதில் கொழும்புக்குப் போனான்,
கொத்துரொட்டிக் கடைக்கு.
மாதம் ஒருமுறை கோல் எடுத்தால் முதல் கேள்வி:
"படம் போட்டீங்களா?"

போன மாதம் கண்டியில்,
நான் துணி மடிக்கிற கடைக்கு எதிரே,
பெரிய திரையில் அதே படம்.
நாற்பதாம் வருடமாம்.
துலக்கிக் கொண்டுவந்திருந்தார்கள்,
உப்பு அவ்வளவு நீலம் என்று அன்றுதான் கண்டேன்.
அதன் பெயரும் அன்றுதான் தெரிந்தது.
இங்கே எழுதமாட்டேன்.

முன்வரிசை முழுக்கக் கம்பஸ் பிள்ளைகள்.
ஒருவர் மைக் பிடித்து
அதிகாரம், கண்காணிப்பு, விடுதலை என்று பேசினார்.
நன்றாகத்தான் பேசினார்.

தராசு வந்தது.
நாற்பது. முப்பத்தேழு.
மண்டபம் வாட்டு மாதிரி அமைதி.
எனக்கு அடக்க முடியவில்லை.
வாயைப் பொத்தியும் மூக்கால் வந்தது சிரிப்பு.
முன்னாலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்,
யாரோ "உஸ்" என்றார்கள்.

அப்போது பின்னாலிருந்து,
கதவுப் பக்கம், இருட்டில்,
இருமலும் சிரிப்புமாய் இன்னொன்று.

அதன் பிறகு அவன் தப்பித்தானா என்று
நான் பார்க்கவில்லை.
கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்குப் போட்டார்கள்.
டிக்கட் கிழிக்கிற மனிதர்,
கையில் டோர்ச், கழுத்து நாடாவில் அடையாள அட்டை.
எல்லோரும் போகும்வரை நின்றேன்.

"எந்தத் தோட்டம்?" என்றார்.
சொன்னேன்.
"இன்னும் ரெண்டு கிலோவா வெட்டுறாங்க?"

"இப்ப மூணு."