நாலு லீற்றர்

மூன்றாம் நாளும் வரிசை அசையவில்லை.
ஸ்கூட்டியைக் கையால் தள்ளி, காலால் நிறுத்தி,
முன்னால் நின்ற வானின் பின்பம்பரைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
காட்டுக்குள்ளே நூறுக்கு ஒன்று குறைய
எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் இது.
செட்டில் பெற்றோல் இல்லை.
கணக்குப் பார்த்தேன்: மூன்று நாள், எழுநூறு மீற்றர்.
மணிக்குப் பத்து மீற்றர்கூட வராது.

அங்கேதான் தொடங்கியது விசர்.
வான்காரர் அலுத்துப்போய்ச் சொன்னார்,
"வேணுமெண்டா எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போ, தங்கச்சி."
பகிடிதான்.
மிஸ்பாஹுக்குப் பகிடி விளங்காது.
விடிய சங்கிலிக் கப்பியோடு வந்து நின்றான்.

நான் ஃபைபர் போட் செய்கிறவள்.
அச்சுக்கு மெழுகு, மேலே பாய், அதன்மேல் ரெசின்,
உருளையால் காற்றுக் குமிழ்களை ஓரத்துக்கு விரட்டுவது,
இரவில் முழங்கை வரை அரிப்பு.
ஒரு போட்டை நடுவால் அறுத்து ஒடுக்கி
இன்னொன்றை அதன்மேல் குப்புறக் கவிழ்த்து மூடினோம்.
தண்ணியைப் பிளக்கிற மூக்கு காத்தையும் பிளக்கும்
என்றான் பத்திநாதன். ஓட்டோக்காரன்.
பாதி சரி.
மற்றப் பாதியை உப்பு சொல்லும் வரை
ஒருவருக்கும் தெரியாது.

இருக்கைக்குக் கால் அறுத்த பிளாஸ்டிக் கதிரை.
சில்லுகளை மூட
கந்தூரிக் கிடாரத்தின் அலுமினிய மூடிகள்;
ஒன்றில் யாரோ ஹாஜியாரின் பெயர்
இன்னும் வெட்டியபடி இருக்கிறது,
தேய்க்க மனம் வரவில்லை.
பிரேக்குக்குக் குடை வேண்டும் என்று
மத்திய வீதிச் சிறிலிடம் பதினாறு யார் துணி கொடுத்தேன்.
என் வயிற்றைப் பார்த்துவிட்டு
"எத்தினை மாசம்?" என்றார்.

ஓட்டுவது யார்?
அந்தத் துவாரத்துக்குள் இறங்கியது
என் இடுப்பு மட்டும்தான்.
பத்திநாதன் தன் தொந்தியை ஒருமுறை குனிந்து பார்த்தான்.
அதோடு அந்தக் கதை முடிந்தது.

பிறகு கியூ.ஆர். வந்தது.
ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்.
நான் நடந்தேன், உப்புவெளியிலிருந்து வாடிக்கு.
மிஸ்பாஹ் மகளின் சைக்கிளில், முழங்கால் ஹாண்டிலில் இடிக்க.
தண்ணீர்ப் போத்தல்களில் சேர்த்தோம், கட்டிலுக்குக் கீழே.
பதினொரு கிழமை
திருகோணமலையிலேயே மெதுவான ஆட்கள் நாங்கள்தான்.

புரட்டாதி. குச்சவெளிக்கு இந்தப் பக்கம்
களப்பு வற்றி வெள்ளையாய்க் கிடந்தது.
ட்ரக்டர் பெட்டியில் படங்கால் மூடிக் கொண்டுபோனோம்.
காவலில் நின்ற கடற்படைப் பெடியன்
படங்கைத் தூக்கி மூக்கைப் பார்த்தான்.
"போட்டுவக்த?"
"ஓவ்," என்றேன். பொய்யில்லை.

காலை ஐந்து ஐம்பது.
இரண்டாம் கியரில் உப்பு வயிற்றின்கீழ் பொரிந்தது.
மூன்றில் மீற்றர் முள் இரண்டாய்த் தெரிந்தது.
நான்கில்
சத்தம் நின்றது.

ஸ்டியரிங்கை இடம் திருப்பினேன், வலம் திருப்பினேன்,
ஒன்றுதான்.
முன்சில்லு இரண்டும் தரையில் இல்லை.
கடலுக்கென்று வார்த்த சாமான்
தன் புத்தியைக் காட்டியது:
அலை வருமென்று மூக்கைத் தூக்கிக்கொண்டது.
குடைக் கயிற்றை இழுத்தேன்.
சிறிலின் தையல் ஒன்றும் விடவில்லை.

இரண்டு சிவப்புத் துணிகளுக்கிடையே இருநூறு மீற்றர்,
ஐந்து தசம் ஒன்று செக்கன்.
நூற்று நாற்பத்தொன்று என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான்
மிஸ்பாஹ், ஒரு செருப்போடு.
அந்த நேரம் பார்த்து றோட்டில்
புல்மோட்டை பஸ், வாசலில் ஆட்கள் தொங்க,
ஹோர்னை எடுக்காமல் அடித்தபடி போனது.
"அவன் டெய்லி நூறில போறான்," என்றான் பத்திநாதன்,
"அறுபது பேரோட. மீன் பெட்டியும் மேலே."
மூன்று பேரும் உப்பிலே இருந்து சிரித்தோம்.
எனக்குக் கை நடுங்குவது நிற்கவில்லை,
தொடைக்குக் கீழே வைத்து மறைத்தேன்.

வலை ஈயம் முப்பது கிலோ கேட்டிருக்கிறேன்,
மூக்குக்குள் வார்க்க.
பின்சில்லு பெயாரிங்குக்குள் உப்பு போய்விட்டது, மாற்ற வேண்டும்.
மேற்கே முகில் ஏறுகிறது.
போத்தலில் மிச்சம் ஒன்றரை லீற்றர்.
திங்கட்கிழமை
இன்னும் நாலு.