கீழ் வலது மூலை

வெள்ளிக்கிழமை. மஹ்பூலாவில் தூசி.
எதிர்க் கட்டடம் இல்லை, கடல் இல்லை,
ஜன்னலில் ஒரு பழுப்பு மட்டும்.
ஞாயிறு காலை எட்டரைக்கு
ஏழு மாதச் சம்பளத்துக்குச் சாட்சி கொண்டுபோக வேண்டும்.
சாட்சி இந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது,
எங்கே என்பதுதான் வழக்கு.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு ஸ்கிரீன்ஷாட்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு,
முகாமில் சட்டைக்குக் குத்திய நம்பர் மாதிரி.
ஃபஹாஹீல் கடைப் பையன்
பழசிலிருந்து இதற்கு மாற்றித் தந்த அன்று
எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழுந்துவிட்டது:
மார்ச் மூன்று.
என் ஆறு வருஷமும் ஒரு பகலில் நடந்திருக்கிறது.

'சம்பளம்' என்று தேடினேன்.
படத்துக்குள் இருக்கும் எழுத்தை
இந்த மெஷின் எழுத்தென்று எண்ணுவதில்லை.
'ரிஃபாத்' என்று தேடினேன்.
சுழன்றது, யோசிப்பதுபோல் பாவனை காட்டியது,
எதுவும் இல்லை என்றது,
ரிஃபாத் சொல்வது போலவே, மரியாதையாக.

ஆக, ஒவ்வொன்றாகத் திறக்கிறேன்.
தினார் இருநூற்று நாற்பத்தாறு ரூபாய்.
இன்னும் ஏறும் என்று அனுப்பாமல் பிடித்து வைத்தது.
மறுநாள் இறங்கியது. அதற்கும் படம் இருக்கிறது.
திருச்சிக்கு டிக்கெட், எழுபத்தொன்பது தினார், எடுக்கவில்லை.
அதே டிக்கெட், நூற்றுப் பன்னிரண்டு, எடுத்தேன்.
'பரிசீலனையில் உள்ளது' பதினாறு தடவை,
பதினேழாவது தடவை பிடித்தால்
கூச்சப்பட்டு மாறிவிடும் என்பதுபோல.
பூங்கோதை, வீடியோ கால் உறைந்த நொடியில்,
கண் மூடி, வாய் பாதி திறந்து.
அதை அழிக்கச் சொல்லி அவள் எழுதியதற்கும் ஒரு படம்.

கோப்புறைகள் போட்டேன்: வீடு, விசா, வட்டி, குப்பை.
வட்டிக்குள் போனதெல்லாம் வீட்டுக்கும் உரியது.
குப்பைக்குள் போட ஒன்றும் அகப்படவில்லை.
'பிறகு' என்று ஐந்தாவதாக ஒன்று போட்டேன்,
மிச்சமெல்லாம் அதற்குள்ளேயே போய் விழுந்தது.

கடிகாரம் மட்டும் பொய் சொல்லவில்லை.
ஒவ்வொரு படத்திலும் கீழ் வலது மூலையில்
மணியும் தேதியும்,
யாரும் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அசர் பாங்கு தூசிக்குள்ளிருந்து வந்தபோது
நானூற்றுப் பதினேழைத் திறந்தேன்.
இருந்தது. ரிஃபாத்தின் வரிகள், முழுசாக:
நிலுவை மொத்தமும் பத்தாம் தேதிக்குள்,
உங்களுக்கும் சகாயத்துக்கும் சேர்த்து.
அதே மூலையில், கடிகாரத்துக்கு மேலே,
அந்த நொடியில் எட்டிப் பார்த்த ஒரு சின்னப் பெட்டி:
'சோறு மூடி வச்சிருக்கேன். குழம்பு அடுப்புலயே இருக்கு.
நான் டூட்டிக்குப் போறேன்.'

ஐந்து வினாடியில் மறைந்துபோகும் பெட்டி.
நான் பிடித்தது ரிஃபாத்தை.
மாட்டியது சகாயம்.

அவன் பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஜூனிலேயே போய்விட்டான்.
கட்டிலில் இப்போது வேறொருவனின் துண்டு காய்கிறது.

தேவையானதை மட்டும் வெட்டி அனுப்பு என்றார்கள்
மொழிபெயர்ப்புக் கடையில், பக்கத்துக்கு நாலு தினார்.
வெட்டினேன். சோறு போனது,
கூடவே தேதியும் போனது.
தேதி இல்லாத சாட்சி எதற்கு?
திரும்பக் கொண்டுவந்தேன்.
தேதி வந்தால் குழம்பும் வருகிறது.
நடுவில் கோடு இழுக்க எனக்குக் கை வரவில்லை,
முழுசாகவே அனுப்பிவிட்டேன்.
ஞாயிறன்று யாரோ ஒரு அதிகாரி அதை அரபியில் படிப்பார்,
வலமிருந்து இடமாக,
சோற்றிலிருந்து தொடங்கி.

சகாயத்துக்கும் ஒன்று போட்டேன்.
உன் பேரும் இதுல இருக்கு, வச்சுக்க.
இரண்டு நீல டிக்.
வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தான்.
வந்தது இவ்வளவுதான்:
'அன்னிக்கு என்ன கொழம்புடா வச்சேன்?'

நானூற்றுப் பதினெட்டைத் திறக்கிறேன்.