அரைப் பேர்

கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளைக் கோடு
துடித்துக்கொண்டிருக்கும்.
என் நிரலுக்கு அவ்வளவுதான் முகம்.
பெயர்? என்று கேட்கும். கிலோ? என்று கேட்கும்.
பிறகு பதிலுக்காக அப்படியே நிற்கும்,
லிந்துலைச் சந்தியில் கடைசி பஸ்ஸைப் பார்த்து
நிற்பவள் மாதிரி.

கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் மேசை,
மேசையில் பழைய லெப்டொப்,
விசைகளின் மேல் பொலித்தீன் உறை, அதன் மேல் தூறல்.
முதல் நாள் கணக்கப்பிள்ளை செபமாலை
ஒன்றும் எழுதாமல் என்டரைத் தட்டினார்.
நிரல் விழுந்தது.
வெறுமை பெயராகாது என்று அன்றிரவு எழுதினேன்.
மறுநாள் 'பதினெட்டரை' என்று எழுத்தால் அடித்தார்.
அதற்கும் விழுந்தது.
அடுத்த நாள் 18,5.
புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வால்.

இப்போது விழுவதில்லை.
பிழையென்றால் சுற்றிவந்து மறுபடி கேட்கும்,
மறுபடி, மறுபடி, முகம் சுளிக்காமல்.
இரண்டு வரிச் சுழற்சிதான்.
எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நாற்பதுக்கு மேல் யார் எடுப்பார்கள் என்று
நாற்பதில் வரம்பு வைத்திருந்தேன்.
சித்திரை மழை விட்ட வாரம் தவச்செல்வி நாற்பத்து மூன்று.
ஏற்க முடியாத எண், என்றது திரை.
அவள் திரையைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள்.
"இந்தா இருக்கே. தூக்கிப் பாக்கச் சொல்லு அத."
அறுபதாக்கினேன்.

ஆராயியிடம் செபமாலை, திரை கேட்டபடியே, "பேர்?" என்றார்.
"அரைப் பேருதானே போடப்போறீங்க."
இங்கே பேரென்றால் ஒருநாள் கூலி.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப் பேர்,
ஒரு கிலோ குறைந்தால் அரை.
நிரலுக்குப் பெயர் என்பது எழுத்துச் சரம்.
வெட்டச் சொன்னால் வெட்டும்:
ஆரா ஒரு பக்கம், யி ஒரு பக்கம்.
யிக்கு எவ்வளவு சம்பளம் என்று அதற்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
ஹட்டனில் என் கோர்ஸுக்குக் கட்டிய காசில்
பாதி அம்மாவின் அரைப் பேர்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை.
காய்ச்சலோடு மலையேறிய ஆராயி
பதினொரு மணிக்கே இறங்கிவிட்டாள். ஒன்றரைக் கிலோ.
சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ வெட்டு;
அதை உள்ளுக்குள்ளேயே கழித்துவிடு,
திரையில் காட்டாதே என்று
ஒப்பீசில் சொல்லியிருந்தார்கள். அப்படியே எழுதியிருந்தேன்.

பூச்சியத்துக்குக் கீழே எடை இல்லை. மீண்டும் உள்ளிடவும்.
செபமாலை 1.5 என்று அடித்தார்.
மீண்டும் உள்ளிடவும்.
1.5.
மீண்டும்.
வரிசை வாசலைத் தாண்டியது. மிஸ்ட் உள்ளே வந்தது.
"பூச்சியம்னு போட்டுரு பிள்ள."
"அப்ப அரைக் கிலோ நான் தோட்டத்துக்குக் கடனா?"
ஆராயிதான் முதலில் சிரித்தாள்.
சிரிப்பு வரிசை நெடுகப் போய்
கடைசிக் கூடைக்காரியிடம் இருமலாக முடிந்தது.

அவள் கொண்டுவந்தது சரி. அவர் அடித்தது சரி.
வெளியிலிருந்து வருவதையெல்லாம்
வாசலில் நிறுத்திச் சோதித்தேன்;
யாரும் அடிக்காத அந்த இரண்டு
உள்ளேயே உட்கார்ந்திருந்தது,
சோதிக்கப்படாமல்.

இரவே அதைப் பிடுங்கிக் கேள்வியாக்கினேன்:
எத்தனை கிலோ கழிக்க?
கழிப்பவர் பெயர்?
வெறுமை ஏற்கப்படாது.

காலையில் செபமாலை அந்த வரியின் முன்னால்.
கோடு துடிக்கிறது.
தராசில் யாருடைய கொழுந்தோ நீர் சொட்டுகிறது.
என்னைப் பார்த்தார். என்டரைத் தட்டினார்; மறுபடி கேட்டது.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்:
மேலிடம்.

நிரல் ஏற்றுக்கொண்டது.
எழுத்துகள்தானே. வெறுமையில்லையே.
அதைப் பிடிக்க என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை எனக்கு.