நாலாவது கம்பி

விழவில்லை. யாரும் பிடித்து இழுக்கவில்லை.
ஆடி மாதத்து ஒரு காலை
ரவிக்கையின் பின்கொக்கிக்குப் போன வலது கை
பாதி வழியில் நின்றுவிட்டது,
கோபாலபுரம் செக்போஸ்டில்
பர்மிட் இல்லாத லாரி மாதிரி.

வயலின் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.
சீட்டு எடுத்த பணம்.
ஃபிரிட்ஜ் வரும் என்று வீட்டில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.
அந்த இடத்தில் இப்போதும்
வெங்காயக் கூடை இருக்கிறது.

டாக்டர் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு
தோள் உறைஞ்சுபோச்சு சாந்தாமணி என்றார்.
ஒன்றரை வருஷம் ஆகும், சிலருக்கு இரண்டு.
தானாக வந்தது, தானாகப் போகும்.
மீனாட்சிபுரம் ஸ்டேஷனில் நிற்கும் ரயிலைப் பற்றியும்
நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு வேலை எடைமேடையில்.
தேங்காய் லாரி ஏறும், ஒரு எண்.
இறக்கிவிட்டுத் திரும்பி வரும், இன்னொரு எண்.
கழித்தால் சரக்கு.
சீட்டுக் கிழித்துக் கொடுக்க
இடது கையைப் பழக்கிக்கொண்டேன்.

கொழிஞ்சாம்பாறையில் பிசியோ. பெயர் ஷைஜு,
என் பையனைவிட இரண்டு வயது மூத்தவன்.
சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வான்.
விரல்கள் எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும்.
"வேதனிக்கும் சேச்சி, நிர்த்தண்டா."
நான் தமிழில் திட்டுவேன்.
அவனுக்குத் தமிழ் தெரியும் என்பது
மூன்றாவது மாதம்தான் தெரிந்தது.
கொழிஞ்சாம்பாறையில் தமிழ் தெரியாதவன் யார் என்று
யோசித்திருக்க வேண்டும்.

வீட்டிலும் சுவர். பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
சுவிட்ச் பெட்டி வரை ஒழுங்காக வந்தது.
பிறகு ஒரு மாதம் கோடு ஏறவேயில்லை,
ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து
சுவருக்கு மீசை முளைத்தது.

வயலினை மட்டும் நிறுத்தவில்லை.
சப்பணமிட்டு, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி
முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு
வில்லின் நடுவே ஒரு சாண்.
அந்த ஒரு சாணில் சரளி, ஜண்டை.
மேல் இரண்டு கம்பி போதும் அதற்கு.
சொல்லித்தரும் நிவ்யா
(வார நாளில் எல்.ஐ.சி., சனிக்கிழமை மட்டும் ஸ்வரம்)
"ஒரு சாணுக்கு இது மோசமில்லை அக்கா" என்பாள்.
பாராட்டா என்று கேட்கவில்லை.

பிறகு கீழ் ஸ்தாயி வரிசை வந்தது.
நாலாவது கம்பி, எல்லாவற்றிலும் தடித்தது.
அதைத் தொட வில் சாய வேண்டும்,
வில் சாய முழங்கை மேலே போக வேண்டும்.
ஸ்வரம் இறங்க இறங்கக் கை ஏற வேண்டும்.
இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால்
ஹார்மோனியம் வாங்கியிருப்பேன்.

வலது பக்கம் படுக்க முடியாது.
தூக்கமில்லாத இரண்டு மணிக்குக்
கணவாய்க் காற்று பனையோலைகளை அறைகிறது.
காற்றுக்குத் தோள் கிடையாது என்று நினைத்தேன்,
பொறாமையாகத்தான்.

இது போதும் என்று இரண்டு தடவை
பெட்டியைப் பூட்டி
அலமாரிமேல் போடப் போனேன்.
அலமாரிமேல் கை எட்டவில்லை.
அதனால் அது கட்டிலடியிலேயே கிடந்தது,
இழுத்தால் வரும் தூரத்தில்.

மாசியில் பென்சில் கோடு
காலண்டரின் தேதிகளைத் தாண்டி
உரக் கம்பெனியின் பெயரைத் தொட்டது.
அந்த ஞாயிறு எடைமேடை அறைக்கே
வயலினைக் கொண்டுபோனேன்.
மேடையில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.
முழங்கையைத் தூக்கினேன்,
பல்லைக் கடித்து, இன்னும் கொஞ்சம்.
வில் சாய்ந்தது.

தொண்டை கட்டிய எருமை.
அப்படித்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.
"மிஷின் ரிப்பேருங்களா?"
"இல்லைங்க, இது ஸ.
நீங்க இறங்குங்க, ஆள் இருந்தா எடை தப்பாக் காட்டும்."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.
சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறி
ஓர் இடத்தில் நின்றன.
கொக்கி இன்னும் முன்பக்கம்தான் வைத்துத் தைக்கிறேன்.
இன்னொரு தடவை இழுத்தேன்.