தொண்ணூறு மில்லி

சுங்காய் பொம்பா நிலையத்துக்கு எதிரில்
நான்காம் கட்டப் பந்தயம் முடிந்தது.
காற்று போதாமல்
வெற்றி வளைவு ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

எனக்கு அன்று நூற்றிருபது வெள்ளி,
ஒரு மஞ்சள் அங்கி, ஒரே வேலை:
சீட்டில் பெயர் விழுந்தவனை
கோடு தாண்டிய நொடியிலிருந்து
கண்ணைவிட்டு நகரவிடக் கூடாது.

லிங்கேஸ்வரன் த/பெ முனுசாமி. பதினொன்றாவது இடம்.
"கிளினிக்ல ரத்தம் எடுக்கிற அண்ணன்தானே?" என்றான்.
ஆமாம். டிங்கிக் காய்ச்சலில் வந்த அவன் அம்மாவுக்கு
நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தியவன்.

தொடையில் உப்பு பூத்திருந்தது.
நூற்றெழுபது கிலோமீட்டர் வெயிலில்
உடம்பிலிருந்த நீரையெல்லாம்
பழைய டிரங்க் ரோட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவனிடம்
தொண்ணூறு மில்லி கேட்டோம்.

மூடி திறக்காத நூறு பிளஸ், மூன்று.
தண்ணீர், நான்கு.
பாலாய் ராயா கழிவறை, கடைசிக் கதவு.
சட்டை நெஞ்சு வரை மேலே,
கால்சட்டை முட்டி வரை கீழே.
பார்க்க வேண்டும் என்பது விதி.
பார்த்தேன்.

சுவரிடம் சொல்வதுபோல் சொன்னான்:
"அண்ணே, ஏதாச்சும் பேசுங்களேன். வர மாட்டேங்குது."
செம்பனை விலை இறங்கியதைப் பேசினேன்.
பழுக்காத குலைக்கு ஆலையில்
எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பேசினேன்.

முதலில் அறுபத்திரண்டு.
ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து மீதி.

கை கழுவும்போதுதான் கண்டேன்.
இடது முழங்கை மடிப்பில்
நாவல் பழச் சாறு சொட்டியதுபோல் ஒரு புள்ளி.
பழகிய கை குத்தியது. என் கையைவிடச் சுத்தம்.
சத்து மருந்தாக இருக்கலாம்.
காய்ச்சலுக்காக இருக்கலாம்.
இருக்கலாம் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'வேறு குறிப்புகள்' என்று
கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு இருந்தது.
அவனும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தியாடா என்று எழுதினேன்.
மலாயில் எழுதினால்
'இல்லை' கொஞ்சம் இலேசாக இருக்கிறது.

அந்த ஆண்டு சைக்கிளுக்கு இரண்டு சங்கம்.
கோயில் நிர்வாகம் உடைந்து
ஒரே உண்டியலுக்கு இரண்டு பூட்டு தொங்குமே, அப்படி.
பழைய தலைவர் நாற்காலியை விடவில்லை.
புதியவர் முத்திரையைத் தரவில்லை.
பையனின் உரிமத்தில் ஒருவர் கையெழுத்து,
குப்பிக்குப் பணம் கட்டியது மற்றவர்.
ஆய்வகத்துத் தாள்
எந்த அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கு.
இரண்டாம் குப்பியைத் திறக்க
யாருக்கு அதிகாரம் என்று இன்னொன்று.

ஏழு மாதம் கழித்து
கோலாலம்பூர் ஹோட்டலில், மூன்றாம் மாடியில்,
பிஸ்கட் தட்டுக்கு எதிரில் என்னை உட்கார வைத்தார்கள்.
கேட்டது ஒரே கேள்வி:
"படிவத்தின் தலையில் எந்தச் சங்கத்தின் சின்னம்?"

இரண்டும், என்றேன்.
பழையதன் மேல் புதியதை ஒட்டியிருந்தார்கள்.
கழிவறை ஈரத்தில் ஒரு முனை பெயர்ந்திருந்தது.

இரண்டு வக்கீலும் ஒன்றாக எழுந்தார்கள்.
எவ்வளவு பெயர்ந்தது, எந்தப் பக்கம்,
என் விரல் பட்டுப் பெயர்ந்ததா என்று
மதியச் சாப்பாடு வரை போயிற்று.
முழுக்கைச் சட்டையில் அவன்
பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.
அவன் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இதை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று
தீர்ப்பு எழுதினார்கள்.
இரண்டு சங்கமும் வென்றதாக அறிக்கை விட்டன.
இரண்டாம் குப்பி
எங்கோ ஒரு குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கிறது.
விடிகாலையில் செம்பனை லாரிக்குப் பின்னால்
காற்று மறைவில் அவன் மிதித்துப் போகிறான்.
எந்தச் சங்கத்துக்காக என்று தெரியவில்லை.

இன்று அவன் அம்மா வந்தார்,
இனிப்பு நீர் சோதனைக்கு.
கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

"நல்லாப் பழகிட்டீங்க தம்பி" என்றார்,
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.