ரோஸோ படகுத்துறை

வெங்காய லாரியை மறித்து நிற்கிறேன்.
சீருடையில் ஒரு பித்தான் காணோம்.

ஓட்டுநருக்கு இருபது வயசு இருக்குமா?
கை நீட்டியதும் சிரித்தான்.
"ஆத்துக்கு எவன்யா கதவு வச்சான்?"
வொலோஃபில்,
தாளம் பிசகாமல்.

மாசாம்பா எழுதிய வரி.
அதற்கு எதுகை போட்ட அடுத்த வரி
என்னுடையது.
பிக்கினில், சுவரெல்லாம் மெத்தை சாத்திய அறையில்
கரண்ட் போவதற்குள்
ஒரே மைக்கில் இருவரும் கத்தித் தீர்த்தது.
கேசட் விற்ற காசில்தான் பிரிந்தோம்.
மிலானில் இருக்கிறானாம்.
பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை.

"யார் பாட்டு தெரியுமா?"

"பாட்டா? பழமொழி சார்.
எங்கம்மா மீன்கடையில் தினமும் சொல்லும்."

தடுப்புக் கம்பியைத் தூக்கினேன்.
காசு வாங்கவில்லை.
பெருந்தன்மையெல்லாம் இல்லை,
அடுத்த வரியையும்
சொல்லிவிடுவானோ என்றுதான்.