பதினான்காவது இறகு

காசிமேட்டில் இறால் தரம் பிரிக்கிறேன்.
கிலோவுக்கு முப்பது, நாற்பது, அறுபது:
மூன்று தட்டு.
எதிலும் சேராத ஒன்று தினமும் கையில் மாட்டும்.
சூப்பர்வைசர் திரும்பும் நேரம் பார்த்து
ஏதோ ஒன்றில் போடுவேன்.
கடலுக்குத் தட்டு கிடையாது.

வீட்டில் மகிமைராஜுக்கும் இதே வேலை,
புறாவில்.
கொருக்குப்பேட்டையில் மூன்றாம் மாடி, தகரக் கூண்டு.
மூன்று கர்ணம் அடிப்பதை வைத்துக்கொள்வான்,
இரண்டோடு நிற்பதை
ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோவான்.
வால் விரிந்த லக்காவுக்கு
அதைவிட விரிந்த ஜோடி தேடுவான்.
"நான் இல்லன்னா இதுங்க ஏது" என்பான்.

நோட்டு என்னுடையது.
வளைய எண், நிறம், வாலில் எத்தனை இறகு.
லக்காவுக்கு முப்பத்திரண்டு.
கர்ணத்துக்குப் பன்னிரண்டு.
கூட்ஸ் யார்டில் சிந்திய கோதுமை பொறுக்கும்
மாடப்புறாவுக்கும் பன்னிரண்டுதான்,
செத்துக் கிடந்ததை எண்ணியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் நடுத்தடுப்பின் கம்பி அவிழ்ந்து
வெள்ளை லக்காவும் கறுப்புக் கர்ணமும் ஒரே பக்கம்.
பிறந்தது வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை.
சாம்பல் உடம்பு,
இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடு,
கழுத்தில் மண்ணெண்ணெய் மிதக்கும் தண்ணீரின் பச்சை.

"எவனோ யார்டுப் பய உள்ள பூந்துட்டான்."
வெளிக்கதவு பூட்டித்தான் இருந்தது.
பூட்டினவள் நான்.
யாரும் உள்ளே வரவில்லை.
இரண்டுக்குள்ளும் ஏற்கெனவே இருந்தது,
நாம் வைத்த பேர்களுக்கெல்லாம் முன்னால்.

வாலில் பத்தொன்பது.
விரிக்கவும் வராது, கர்ணம் அடிக்கவும் வராது.
சூப்புக்கடைக்குக் கொடுக்கலாம் என்றான்.
மறுநாள் விடியலில்
கூண்டைத் திறந்தது யார் என்று
இன்றுவரை கேட்கவில்லை.

அந்த வாரமே
ஹைமாஸ்ட் விளக்கில் வல்லூறு ஒன்று வந்து உட்கார்ந்தது.
வெயில் காயவிட்ட லக்காக்கள்
காற்றில் பிரித்த குடைபோல் தடுமாறின.
மகிமைராஜ் ஐந்து வருடம் விரித்த வாலை
அது அரை நிமிடத்தில் எண்ணி முடித்தது.
மொட்டைமாடி முழுக்க வெள்ளை இறகு.
அவன் சாப்பிடவில்லை.
நானும்தான்.

ரயில்வே நடைமேம்பாலத்தின் இரும்புச் சட்டத்தில்
கூடு கட்டியிருந்தார்கள்:
கட்டுக்கம்பி, துடைப்பக் குச்சி, பிஸ்கட் உறை.
காலில் எங்கள் வளையத்தோடு பத்தொன்பது,
பக்கத்தில் ஒரு யார்டுப் பெட்டை.
மாசியில் அதன் குஞ்சு படிக்கட்டில் விழுந்து கிடந்தது.
கைக்குள் இதயம் மட்டும்தான் எடை.
மெல்லப் பிரித்து எண்ணினேன்.
பன்னிரண்டில் நிற்கும் என்று நினைத்தேன்.
இன்னும் இரண்டு இருந்தது.

சட்டத்தில் திரும்ப வைத்துவிட்டு
அப்போதுதான் மற்றதைப் பார்த்தேன்.
ஒரே சாம்பல் என்று இத்தனை நாள்
ஒரே தட்டில் போட்டிருந்தேன்.
ஒன்றின் முதுகு கறுத்திருந்தது,
ஒன்றுக்கு முதுகெல்லாம் கட்டம்,
ஒன்றுக்கு அலகு குட்டை,
ஒன்று மட்டும் ரயில் ஊதியும் நகரவில்லை.
யாரும் பொறுக்காமல்
யாரும் ஜோடி சேர்க்காமல்.

"பதினாலு" என்றேன் இரவில்.
"தப்பா எண்ணியிருப்ப."
காலையில் வேலைக்குப் போகிற வழியில்
மறுபடி எண்ணப் போனேன்.
கூடு காலி.
பறந்திருக்கலாம்.
விளக்குக் கம்பத்தைப் பார்க்காமல்
படி இறங்கினேன்.
நோட்டில் பதினாலு என்றே எழுதியிருக்கிறேன்,
வளைய எண் கட்டத்தில் ஒரு கோடு போட்டு.